காடும் நாற்காலியும்: இந்திய வன வளமும் மர அறைகலன் தொழிலும்

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ பயணம் செய்வோர் மரச்சாமான் கடைகளின் பெயர்ப்பலகைகளில் 'நிலம்பூர் தேக்கு' என்ற சொல்லைப் பார்த்திருப்பார்கள். நிலம்பூர் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். அந்த ஊர்த் தேக்கு முழுவதையும் வெட்டினாலும் இத்தனை கடைகளுக்குப் போதாது என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் பலகை மாறுவதில்லை. மரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வாங்குவோர் விரும்பும் பதில் அதுதான்.

அந்தக் கேள்விக்கான உண்மையான பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இந்தியாவின் காடுகள் வெட்டப்பட்ட வரலாறு நீண்டது. அவற்றை வெட்டியவர்கள் நாற்காலியையும் கட்டிலையும் மனத்தில் வைத்து வெட்டவில்லை. முதலில் கப்பல், பிறகு இரயில், அதன் பிறகு காகித ஆலை, போர் என ஒவ்வொரு காலத்திலும் காட்டுக்கு வேறொரு முதல் உரிமையாளர் இருந்தார். அறைகலன் தொழில் மிச்சத்தில்தான் வாழ்ந்தது. காடு மூடப்பட்ட பிறகோ அந்த மிச்சமும் இல்லாமல் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

மேசையும் அலமாரியும் வந்த வழி

பழைய தமிழ் வீட்டில் மரம் ஏராளமாக இருந்தது. தூண், உத்திரம், கதவு, ஊஞ்சல், நெல் கொட்டும் பத்தாயம், பெட்டி, மணை, முக்காலி, கட்டில் எல்லாமே மரம். ஆனால் உட்காரவும் உண்ணவும் படிக்கவும் பெரும்பாலோருக்குத் தரையும் பாயும் போதுமானவையாக இருந்தன. இதற்கு மொழியே சான்று. மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகியவை போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். பெஞ்சும் சோபாவும் பின்னால் ஆங்கிலத்தின் வழியாக வந்தன. 'தேக்கு' என்ற நம் சொல் எதிர்த்திசையில் சென்றது. மேற்குக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் கேட்டறிந்த அச்சொல்தான் அவர்கள் வழியாக ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. சொல்லைப் போலவே மரமும் வெளியே போனது, சாமானின் வடிவம் உள்ளே வந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களுக்குப் பல குடியிருப்புகள் இருந்தன. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு அவற்றுள் முதன்மையானது. அக்காலத்தில் இக்கடற்கரைத் தச்சர்கள் ஐரோப்பியருக்காகக் கருங்காலி மரத்தில் நாற்காலிகள் செய்தார்கள். இருக்கை தாழ்வாக இருக்கும். முதுகிலும் சட்டத்திலும் பூவேலை நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றில் பல ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. நூறாண்டு கழித்து இங்கிலாந்தில் ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் அத்தகைய நாற்காலிகளை வாங்கித் தம் மாளிகையில் வைத்தபோது, அவை டியூடர் அரசர் காலத்து ஆங்கிலப் பழம்பொருள் என்றே நம்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். நம் பக்கத்துத் தச்சர் செய்த வேலை அயல்நாட்டு அரச குலச் சின்னமாக நீண்ட காலம் மதிக்கப்பட்டது. செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் பூந்தமல்லியிலும் பரங்கிமலையிலும் ஐரோப்பியப் படையினர் தங்கியிருந்தனர். ஓரிடத்திலிருந்து மாற்றலாகிப் போகும் அதிகாரிகள் தங்கள் மரச்சாமான்களை ஏலத்தில் விட்டுச் செல்வது இந்தியா முழுவதும் வழக்கம். மேசையும் நாற்காலியும் நம் வீடுகளுக்குள் நுழைந்த வாசல்களில் இந்த ஏலமும் ஒன்று. ஏலம் என்ற சொல்லும் போர்த்துக்கீசியம்தான்!

முதல் உரிமை கப்பலுக்கு

தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது, நீரில் கிடந்தாலும் உளுக்காது. ஐரோப்பியர் கப்பல் கட்டப் பயன்படுத்திய ஓக் மரம் தன்னில் அடித்த இரும்பாணியை அரித்துவிடும். தேக்கு அப்படிச் செய்யாது. இந்தக் காரணங்களால் நெப்போலியனோடு போரிட்ட பிரிட்டனுக்கு மலபார்த் தேக்கு ஒரு போர்க்கருவியாகவே தெரிந்தது. தன் நாட்டு ஓக் மரம் அருகிவந்த நிலையில் அது பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தை நாடியது.

1806இல் கேப்டன் வாட்சன் என்பவர் மலபார்ப் பகுதிக்கு வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். பதவியின் பெயர் காப்பாளர் என்றாலும், செய்த வேலை தேக்கு முழுவதையும் கம்பெனிக்கே உரியதாக்குவது. தனியார் நிலத்தில் நின்ற மரத்தைக்கூட உரியவர் தம் விருப்பப்படி வெட்ட முடியவில்லை. நில உரிமையாளர்களும் வணிகர்களும் கொதித்தார்கள். 1823இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ இந்த ஏகபோகத்தை ஒழித்தார். மன்றோவின் முடிவு மக்களுக்கு நிம்மதி தந்தது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் தேக்கு வணிகர்களின் கோடாரிக்குக் கட்டுப்பாடே இல்லாமல் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துத் தேக்கை இன்றும் கண்ணால் பார்க்க முடியும். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்செட்ஜி பொமன்ஜி கட்டி வெள்ளோட்டம் விட்ட 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் உடல் மலபார்த் தேக்கு. பெயரோ நம் திருகோணமலை.

மரம் தீர்ந்துவருவதைக் கண்டபின் நட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 1840களில் மலபார் மாவட்ட ஆட்சியர் கோனொலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினார். ஆரம்பத்தில் விதை முளைக்கவே இல்லை. பல முறைகளில் முயன்று பார்த்து நாற்றங்காலை வெற்றியாக்கியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அலுவலர். தோட்டத்துக்கு ஆட்சியர் பெயர் நிலைத்தது. மேனனின் கல்லறை தோட்டத்துக்குள் இருக்கிறது. உலகின் பழமையான தேக்குத் தோட்டம் என்று சொல்லப்படுவது இதுதான். பெயர்ப்பலகைகளின் புகழுக்கு மூலமும் இதுதான்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆனைமலை இருந்தது. 1840களின் பிற்பகுதியில் கேப்டன் மைக்கேல் என்பவர் அங்கே அரசுக்காகத் தேக்கு வெட்டும் பணியைத் தொடங்கினார். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். எனவே வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே மரத்தைக் காயவிடுவார்கள். காய்ந்த மரத்தை வெட்டி, யானைகளைக் கொண்டு மலை விளிம்புக்கு இழுத்து வந்து, அங்கிருந்து சரிவில் உருட்டி விடுவார்கள். அப்படி உருட்டிய இடத்துக்கு டாப்ஸ்லிப் என்ற பெயர் வந்தது. இன்று சுற்றுலா போகிறவர்கள் அதை ஏதோ அழகான ஆங்கிலப் பெயர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இறக்கிய மரம் மேற்குக் கடற்கரை வழியாகப் பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனது. காட்டில் பாடுபட்டவர்கள் காடர், மலசர் முதலிய பழங்குடியினர். யானைப் பாகர்களாகவும் மலசர்கள் பலர் இருந்தனர்.

இரயில் வந்தது

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் செல்லும் அதே பாதைதான் இன்றும் இப்பகுதி மக்களின் தினசரி மின்தொடர்வண்டிப் பாதை. அதில் போகும் மாணவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 வரை மரக்கட்டைகள் வேண்டும். தண்டவாளத்தின் அடியில் குறுக்கே படுத்துக் கிடப்பதால் அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லீப்பர்' என்று பெயர். நம் வெயிலிலும் மழையிலும் கரையானிலும் அவை சில ஆண்டுகளே தாங்கின. ஆகவே பாதை போட்டு முடிந்த பிறகும் தேவை முடியாது. 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஸ்லீப்பருக்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வெட்டப்பட்டதாக ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் பாடநூல் குறிப்பிடுகிறது.

அது மட்டுமன்று. இங்கே நிலக்கரி கிடைக்காததால் எஞ்சினுக்கு எரிபொருளும் விறகாகவே இருந்தது. சென்னையைச் சுற்றியிருந்த புதர்க்காடுகள் அடுப்புக்கும் எஞ்சினுக்குமாகக் கரைந்தன. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு இந்த விறகுத் தேவை முக்கியக் காரணம்.

காடு தீர்ந்தால் இரயில் நிற்கும் என்ற அச்சம் அரசைச் சட்டத்தை நோக்கித் தள்ளியது. 1855இல் ஆளுநர் நாயகம் டல்ஹௌசி வனக் கொள்கைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். 1856இல் மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளரானார். 1864இல் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். 1865, 1878 ஆண்டுகளில் வனச் சட்டங்கள் வந்தன. இங்கே நம் மாகாணத்துக்குப் பெருமை தரும் ஒரு செய்தி உண்டு. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை அரசு உடனே ஏற்கவில்லை. கிராம மக்கள் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் காலங்காலமாகப் பயன்படுத்திய காட்டை அரசு ஒரே கோட்டில் தனதாக்கிக்கொள்வது முறையல்ல என்று வருவாய்த்துறை வாரியமே வாதிட்டது. பிறகு 1882இல் தனியாகச் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டது. திருத்தங்களுடன் அதுவே தமிழ்நாட்டு வனச் சட்டமாக இன்றும் நடைமுறையில் உள்ளது. வாதத்தில் இருந்த பரிவு நடைமுறையில் வெகுவாகக் குறைந்துபோனது வேறு கதை. காப்புக் காடு என்று எல்லைக்கல் நட்ட இடத்தில் ஆடு மேய்த்தால் அபராதம் என்ற நிலை வந்தது. நாட்டுத் தச்சருக்கும் அன்றுமுதல் காடு அந்நியமாயிற்று. கலப்பைக்கும் வண்டிக்கும் கட்டிலுக்கும் அவர் வயல் வரப்பில் நின்ற வேம்பு, பூவரசு, வாகை, மா, பலா ஆகியவற்றையே நம்ப வேண்டியிருந்தது.

பர்மாத் தேக்கு

வசதியுள்ளவர்களுக்கு வேறொரு காடு திறந்தது. பர்மாவிலிருந்து மோல்மேன், இரங்கூன் துறைமுகங்கள் வழியாகத் தேக்கு வந்து இறங்கியது. செட்டிநாட்டு வீடுகளின் உயரமான தூண்களும் கதவுகளும் அதற்குச் சாட்சி. பர்மாவின் நெல் விளையும் சமவெளிகளில் நகரத்தார் வட்டித்தொழில் செய்தனர், அங்கிருந்த தொடர்பால் முதல்தர மரம் காரைக்குடிக்கு வந்தது.

அந்தத் தேக்கின் பின்னணியில் ஒரு போர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாம்பே பர்மா வணிக நிறுவனம் கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதாகக் கூறி 1885இல் பர்மிய மன்னர் திபாவின் அவை பெரும் அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்துப் பிரிட்டன் படையெடுத்தது. மன்னர் சிறைபிடிக்கப்பட்டு இந்தியாவின் இரத்தினகிரிக்குக் கொண்டுவரப்பட்டார், நாடும் ஆங்கிலேயரிடம் போனது. 1942இல் ஜப்பானியர் நுழைந்ததும் நகரத்தாரின் பர்மா வாழ்க்கையும் சரிந்தது.

இதே காலத்தில் ஆனைமலையில் மரம் நடுவதற்காகப் பெயர் பெற்றவர் ஹியூகோ வுட். 1915 முதல் சுமார் பத்தாண்டு அங்கே பணியாற்றினார். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் விடச் செய்து காட்டை மீட்கும் முறையைக் கையாண்டார். நடக்கும்போது சட்டைப்பையில் தேக்கு விதை வைத்துக்கொண்டு, கைத்தடியால் குழி செய்து ஊன்றிக்கொண்டே போவார் என்பார்கள். டாப்ஸ்லிப்பில் தாம் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நல்ல மனிதர் என்றே தோன்றுகிறது. ஆனால் கலப்புக் காடு நின்ற இடத்தில் தேக்கு மட்டுமே நிற்கும் தோட்டங்கள் பரவின என்ற குறையை அன்றைய வனவியல் முழுவதன் மேலும் சொல்லலாம்.

தொழிற்பேட்டையின் வாசலில்

விடுதலைக்குப் பின் வந்த 1952ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்றது. அதே மூச்சில், நாட்டின் தேவைக்குக் காடு உதவ வேண்டும் என்றும் கூறியது. நாட்டின் தேவை என்பது மறுபடியும் பாதுகாப்பு, போக்குவரத்து, தொழில் ஆகியவைதான். காகித ஆலைக்கு மூங்கிலும் தைலமரமும், தீக்குச்சிக்கு மென்மரமும், பிளைவுட்டுக்குப் பெருமரங்களும் சலுகை விலையில் போயின.

சென்னையின் மேற்குப் பகுதி தொழில்பகுதியாக மாறியது இக்காலத்தில்தான். 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் முழு எஃகுப் பெட்டிகள் அங்கே உருவாயின. அதுவரை இரயில் பெட்டி என்றால் பெரும்பாலும் தேக்குச் சட்டமும் தேக்குப் பலகையும்தான். எஃகு வந்ததும் பெட்டியின் உடலிலிருந்து தேக்கு விலகி, இருக்கையிலும் சன்னலிலும் மட்டும் தங்கியது. பெட்டிகளுக்கு உள்ளமைப்பு செய்யும் பிரிவு 1962இல் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் வெறும் மரப்பலகையில் படுத்துப் பயணம் செய்த தலைமுறை எங்களுடையது. 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை போட உத்தரவிட்ட பிறகே முதுகுக்கு விடிவு வந்தது.

1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. இயந்திரப் பொருள்களை அனுப்ப மரப்பெட்டி தேவைப்பட்டது. அதனால் பேட்டையை ஒட்டி மர அறுவை மில்களும் பெட்டி அடிக்கும் பட்டறைகளும் வந்தன. அங்கே புழங்கியது தேக்கு அல்ல. வியாபாரிகள் 'காட்டு மரம்' என்று ஒரே பெயரில் அழைக்கும் பலவகை மலிவு மரங்கள். குடியேறிய தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டிலும் அலமாரியும் செய்து கொடுத்தவர்கள் இந்தப் பட்டறைகளை ஒட்டி வேலை பழகிய தச்சர்களே. அந்த வீடுகளில் மர அலமாரியை விரட்டியது எஃகு பீரோ. கோத்ரெஜ் நிறுவனம் 1923இலேயே எஃகு அலமாரி செய்யத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் கல்யாணச் சீர்வரிசையில் மரப்பெட்டி இருந்த இடத்தில் பீரோ வந்து நின்றது அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு.

ஒரு மனுவும் ஓர் அகராதியும்

1976இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் காடு பொதுப்பட்டியலுக்கு மாறியது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்றது. 1988ஆம் ஆண்டு வனக் கொள்கைதான் உண்மையான திருப்பம். காட்டின் முதற்பயன் சூழல் சமநிலை, வருமானம் அதற்குப் பின்னரே என்று அது வெளிப்படையாகச் சொன்னது. மரம் வேண்டும் தொழில்கள் உழவர்களோடு சேர்ந்து தங்களுக்கான மரத்தைத் தாங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது.

கொள்கை ஏட்டில் இருந்ததை நடைமுறையாக்கியது ஒரு வழக்கு. அதில் நிலம்பூர் மறுபடியும் வருகிறது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூரில் தம் குடும்பத்துக்கு முன்பு உரிமையாக இருந்த காடுகள் அரசிடம் போன பிறகு அழிக்கப்படுவதைக் கண்டு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். கூடலூரைப் பற்றிய மனு நாடு முழுவதற்குமான வழக்காக விரிந்தது. 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. காடு என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி என்றது. அனுமதி பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வதை நிறுத்தியது. அனுமதியில்லாத அறுவை மில்களும் பிளைவுட் ஆலைகளும் மூடப்பட்டன. பிந்தைய உத்தரவுகளின்படி, நீதிமன்றம் அமைத்த மைய அதிகாரக் குழுவின் இசைவின்றிப் புதிய அறுவை மில் திறக்க முடியாத நிலை வந்தது. ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் கொண்டதால் ஒரு நாட்டின் தொழில் திசைமாறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறதா என்று தெரியவில்லை. இலக்கண வகுப்பில் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இதனால் காடு பிழைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அசாமில் பிளைவுட் ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். காட்டில் வாழ்ந்தோரின் உரிமையைச் சட்டம் ஏற்க 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈட்டி எனப்படும் தோதகத்தி மரத்தை, தம் சொந்த நிலத்தில் நின்றாலும் வெட்டக்கூடாது என்று தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. நாட்டுக் காட்டை மூடியபோது நம் தேவை குறையவில்லை. அது வேறு நாட்டுக் காட்டின் மேல் ஏறியது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை, உலகச் சந்தைக்கு வந்த அந்நாட்டுத் தேக்கின் பெரிய வாடிக்கையாளர்களில் இந்தியா முதல் வரிசையில் இருந்தது.

இன்று மரம் எங்கிருந்து வருகிறது

2023ஆம் ஆண்டு இந்திய வன நிலை அறிக்கையின்படி நாட்டின் வனப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். மொத்தப் பரப்பில் 21.76 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி 26,419 சதுர கிலோமீட்டர், அதாவது 20.31 விழுக்காடு. இந்த எண்களைத் தேர்வில் எழுதும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பில், பத்து விழுக்காட்டுக்கு மேல் மர நிழல் விழுந்தால் அறிக்கை அதை வனப் பரப்பு என்று எண்ணிக்கொள்ளும். தென்னந்தோப்பும் இரப்பர்த் தோட்டமும் அதில் அடங்கும்.

தொழிலுக்கு முக்கியமான எண் வேறு. காட்டுக்கு வெளியே, வயலிலும் வரப்பிலும் தோப்பிலும் நிற்கும் மரங்களிலிருந்து ஆண்டுக்கு 9.15 கோடி கன மீட்டர் தொழில்மரம் கிடைக்க வாய்ப்புண்டு என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. இன்று இந்திய மரத்தொழிலின் காடு இதுதான். அரியானாவின் யமுனாநகர் பிளைவுட் ஆலைகள் உழவர்கள் வளர்க்கும் பாப்லர், தைல மரங்களில் ஓடுகின்றன. வட இந்தியாவில் பாப்லர் வளர்ப்பை உழவரிடம் கொண்டு சென்றது விம்கோ தீப்பெட்டி நிறுவனம். அதன் ஆலை ஒன்று நம் திருவொற்றியூரில் இருந்ததைச் சென்னைவாசிகள் அறிவார்கள். தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பு வளர்ப்பை ஊக்குவித்துவருகிறது. காவிரிப் பாசனப் பகுதியின் கால்வாய்க் கரைகளில் வனத்துறை நட்ட தேக்கும் உண்டு.

கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த இரப்பர் மரம் முன்பு விறகாகப் போனது. இன்று அதைப் போராக்ஸ் கலவையில் பதப்படுத்திச் சாப்பாட்டு மேசை செய்கிறார்கள். இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. வெட்டியே ஆகவேண்டிய மரம் அது.

மீதி கப்பலில் வருகிறது. ஆப்பிரிக்காவின் கானா, தான்சானியா போன்ற நாடுகளிலிருந்தும் தென் அமெரிக்காவின் ஈக்வடார், பிரேசில் நாடுகளிலிருந்தும் தோட்டத் தேக்கு வருகிறது. மலேசிய மரங்களும் நியூசிலாந்து பைனும் தூத்துக்குடி, காண்ட்லா போன்ற துறைமுகங்களில் இறங்குகின்றன. பெயர்ப்பலகைக்குக் கீழே விற்கப்படும் தேக்குக் கட்டில் பல வேளை அட்லாண்டிக்கைப் பார்த்த மரம்தான். அது தேக்கே அல்ல என்று சொல்லவில்லை. தோட்டத்தில் இருபது ஆண்டில் வெட்டிய தேக்கில் வெளிறிய பகுதி அதிகம், வைரம் குறைவு. வெளிர்நிறப் பலகைக்கு அடர்ந்த பாலிஷ் பூசினால் வாங்குவோருக்குத் தெரியாது. கட்டிலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பாலிஷ் பூசாத இடத்தில் மரம் தன் நிறத்தைக் காட்டிவிடும்.

பெரும்பாலான வீடுகளில் இன்று நுழைவது திடமரம்கூட அல்ல. மரத்தூளையும் சில்லுகளையும் நாரையும் பிசினில் அழுத்திச் செய்த பலகை. சிறு கட்டைகளும் கழிவும் வீணாகாமல் பயனாவது இதன் நன்மை. தண்ணீர்தான் இதற்கு எமன். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பின் எங்கள் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் ஊறி உப்பிய அலமாரிகளும் கட்டில்களும் குப்பையாகக் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டியின் வேங்கைப் பெட்டியைத் துடைத்து நிழலில் உலர்த்தினார்கள். அது இன்னும் இருக்கிறது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றிலும் இதே கதைதான். பழைய மர பெஞ்சுகளில் நான்கு தலைமுறை மாணவர்கள் பெயரைச் செதுக்கிவிட்டார்கள், பின்னர் வாங்கிய பலகை மேசைகளோ மூன்று மழைக்காலம் தாண்டவில்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைச் சாலைகளின் ஓரத்தில் இன்னொரு காடு இருக்கிறது. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கிய பைன் பெட்டிகளையும் அடித்தட்டுகளையும் பிரித்து விற்கும் கடைகள். அந்தப் பலகைகளில் கோதுமைக்கதிர் முத்திரையும், இரண்டெழுத்து நாட்டுக் குறியும், 'எச்.டி.' என்ற எழுத்தும் சூடு போட்டிருக்கும். பூச்சி பரவாமலிருக்க மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தார்கள் என்பது அதன் பொருள். ஜெர்மனியிலோ கொரியாவிலோ ஏற்றப்பட்ட பெட்டி, இங்கே புத்தக அலமாரியாகவும் கோழிக்கூண்டாகவும் கடை மேசையாகவும் மறுபிறவி எடுக்கிறது. அம்பத்தூரில் மலிவு மரச்சாமான் செய்யும் தச்சருக்கு இன்று மிக அருகில் உள்ள காடு இதுவே.

2022 மார்ச் மாதம் தூத்துக்குடியில் பன்னாட்டு அறைகலன் பூங்காவுக்கு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். பரப்பு சுமார் 1,150 ஏக்கர். நாட்டிலேயே இத்தகைய முதல் பூங்கா என்று அரசு அறிவித்தது. இடம் தேர்ந்த விதத்தைக் கவனியுங்கள். ஆனைமலை அடிவாரத்திலோ நீலகிரியிலோ அமைக்கவில்லை. துறைமுகத்தின் அருகில் அமைத்தார்கள்.